தபால் பெட்டியில் ஒட்டிய பெயர்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இந்த ஆண்டும் ஜெர்மனியில் ஆய்வகப் பயிற்சிக்குச் செல்ல ஆயத்தமாகி வருகிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசும் எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று ஊர் வேறாக இருந்தாலும் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. குளிர் தாங்குமா, பேராசிரியர் எப்படி நடத்துவார், சோற்றுக்கு என்ன வழி, ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதுமா என்பவைதான் அவை. 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் ஆய்வகம் ஒன்றில் பயிற்சி மாணவியாக இருந்தவள் என்ற முறையில், இவற்றுக்கெல்லாம் முன்னதாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஊரில் உங்கள் பெயர் ஒட்டிய தபால் பெட்டி எங்கே இருக்கப் போகிறது என்பதே அந்தக் கேள்வி.

ஜெர்மனியில் முக்கியமான காரியங்கள் பலவும் இன்னும் கடிதத்தில்தான் நடக்கின்றன. வங்கி அட்டை ஒரு உறையில் வரும். அதற்கான ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு உறையில் வரும். வரி அடையாள எண்ணான பதினொரு இலக்கங்களும், காப்பீட்டு நிறுவனத்தின் சான்றும் கடிதமாகவே வந்து சேரும். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தெருவின் பெயர், கட்டட எண், அஞ்சல் குறியீடு ஆகியவற்றோடு முகவரி முடிந்துவிடும். அந்தக் கட்டடத்துக்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வாசலில் இருக்கும் அழைப்புமணிப் பலகையும் தபால் பெட்டியும்தான் தபால்காரருக்குச் சொல்கின்றன. பெட்டியில் பெயர் இல்லையென்றால், முகவரி எவ்வளவு சரியாக இருந்தாலும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகலாம். ஆகவே சாவி கைக்கு வந்த நாளிலேயே, பெட்டியைத் திறக்கும் முன்பாகவே, அதன் மேல் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

என்ன பெயரை எழுதுவது என்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடத்தில் என் தந்தையின் பெயர் முழுமையாக இருந்ததால், அலுவலகக் கடிதங்கள் எல்லாம் ‘திருமதி’ என்ற அடைமொழியோடு தந்தையின் பெயருக்கே வந்தன. சிலருடைய கடவுச்சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அவர்கள் கிளம்புவதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது. ஏனெனில் வங்கியில் ஒரு விதமாகவும் காப்பீட்டில் ஒரு விதமாகவும் பெயர் பதிவாகிவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவுவதற்கே பயிற்சிக் காலத்தில் பாதி கழிந்துவிடும். பெட்டியில் நான் கடவுச்சீட்டில் உள்ளபடி இரண்டு பெயர்களையும் எழுதி ஒட்டினேன். கறுப்பு மையில் தந்தையின் பெயரை எழுதியபோது, அவர் வாழ்நாளில் பாதம் பதிக்காத ஒரு நகரத்தின் தெருவில் அந்தப் பெயர் நிற்பதைப் பார்த்து மனம் நிறைந்து போனது.

அறை தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்காக வருகிறவருக்குத் தனி வீடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. மாணவர்கள் சேர்ந்து வாழும் வீடுகளில் ஒருவர் வேறு நாட்டுக்கு ஒரு பருவம் படிக்கப் போகும்போது தன் அறையைக் கட்டில், மேசை, பாத்திரங்களோடு இடைக்கால வாடகைக்கு விடுவார். பயிற்சி மாணவர்களுக்கு அதுவே பொருத்தமானது. வாடகையைப் பேசும்போது வெப்பமூட்டலும் தண்ணீரும் சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும். வைப்புத்தொகையாக வெப்பச் செலவு சேராத வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. வீட்டைக் காட்டாமலே, ‘நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று எழுதுகிறவரோடு அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அதை நம்பிப் பணத்தை இழந்த பிள்ளைகளின் கதைகளை அங்கே நான் கேட்டிருக்கிறேன். ஊரில் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம் அது.

அறை கிடைத்த பின் முகவரிப் பதிவு. குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியின் குடிமக்கள் சேவை அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் இதற்கு முன்பதிவு அவசியமாகையால், விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் நேரம் குறித்துக்கொள்வது சிறப்பு. வாடகை ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள், போதாது. ‘இன்னார் இந்த நாள் முதல் என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட தனித்தாள் ஒன்று வேண்டும். அறையைப் பேசும்போதே அந்தத் தாளைத் தருவீர்களா என்று கேளுங்கள். தர மறுக்கிறவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறையும், கண்ணாடி அணிந்த நடுவயது அம்மையாரும். கடவுச்சீட்டை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, திரையை என் பக்கம் திருப்பி, ஒவ்வோர் எழுத்தின் மீதும் விரல் வைத்துச் சரிதானா என்று கேட்டார். பிறந்த ஊர் என்ற இடத்தில் ‘கொழிஞ்சாம்பாறை’ என்பதை ரோமன் எழுத்தில் பார்த்து ஒரு கணம் நின்றார். நான் மெதுவாகச் சொல்ல, அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ளன என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்: அந்தக் கட்டத்தில் எழுதுவது வெறும் விவரம் அல்ல. வருமான வரி கட்டும் அளவுக்கு ஊதியம் பெறுகிறவர் அங்கு வரி வசூலிக்கும் திருச்சபையின் உறுப்பினராகப் பதிவாகியிருந்தால், அந்த வரியின் மேல் திருச்சபை வரியும் பிடிக்கப்படும். டோர்ட்முண்ட் அமைந்துள்ள மாநிலத்தில் அது வருமான வரியில் 9 விழுக்காடு. என்ன எழுதுகிறோம் என்று அறிந்து எழுத வேண்டும். ஊதியம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பாடத்திட்டத்தில் கட்டாயமான பயிற்சிக்கு அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஆகவே உதவித்தொகை எவ்வளவு, யார் தருகிறார்கள் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மொழி. ஆய்வகத்துக்குள் ஆங்கிலம் போதும். எங்கள் குழுவில் ஈரானியர், துருக்கியர், சீனர், ஜெர்மானியர் எல்லாரும் இருந்தார்கள்; கூட்டங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆனால் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, தொங்கியபடி ஓடும் அந்த ஓட்டுநரில்லா ரயிலில் ஏறி வளாகத்தின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் போய், அங்கிருந்து நகருக்குள் இறங்கிவிட்டால், ஆங்கிலத்தின் ஆட்சி அத்தோடு முடிகிறது. (1984-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, முதல் வாரத்தில் வேலை எதுவும் இல்லாமலே அதில் போய் வந்து கொண்டிருந்தேன்.) மருந்துக் கடை, படிக்கட்டைத் துடைக்கும் முறை யாருடையது என்று கேட்க வரும் கீழ் வீட்டு மூதாட்டி, தாமதமாகும் ரயிலைப் பற்றி நிலையத்தில் ஒலிக்கும் அறிவிப்பு, எல்லாமே ஜெர்மன்தான்.

இந்த இடத்தில்தான் நாம் பிறந்த மண் நமக்குத் துணை நிற்கிறது என்று நான் நம்புகிறேன். நாம் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது சித்தூர் தாலுகா கேரளத்தோடு நின்றது. பேச்சு தமிழோடு நின்றது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொன்னாலும், படிவங்கள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் கைக்கு வருகின்றன. மலையாளத்தில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத என் பாட்டி, சித்தூர் தாலுகா அலுவலகத்துக்குத் தனியே பஸ் ஏறிப் போய், தன் காரியத்தைத் தமிழில் சொல்லி, பதிலை மலையாளத்தில் வாங்கி, முத்திரை வைத்த தாளோடு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவார். மொழி தெரியவில்லையே என்று அவர் ஒருநாளும் வாசலில் தயங்கி நின்றதில்லை. அந்த அலுவலகம் தனக்கும் உரியது என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

ஜெர்மன் மொழி நமக்கு மலையாளம் போல நெருக்கமானது அல்ல; அதைக் காதால் மட்டும் கேட்டுப் பிடித்துவிட முடியாது. அதற்காகப் புறப்படுவதற்கு முன் தொடக்கநிலைப் பாடத்தை முடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பாட்டியிடம் இருந்த அந்தத் தயங்காமை இருந்தால், கற்ற சில நூறு சொற்களை வைத்தே பெரிய காரியங்களைச் செய்துவிடலாம். டோர்ட்முண்ட் அதற்கு இடம் கொடுக்கும் நகரம். அது அமைந்துள்ள, நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன ரூர் பகுதிக்குப் போலந்துக்காரர்கள் சுரங்க வேலைக்கு வந்தார்கள்; 1961-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியர்கள் வந்தார்கள். குறைபட்ட ஜெர்மனைப் பல தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய ஊர் அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, 2018 டிசம்பரில் ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. டோர்ட்முண்டில் பெரிய இரும்பாலை ஒன்று நின்ற இடத்தில் இன்று ஃபீனிக்ஸ் ஏரி இருக்கிறது. ஆலையைப் பிரித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றார்கள், அந்தப் பள்ளத்தில் 2010-இல் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும்போது நான் நடக்கப் போனது அந்த ஏரிக்கரைக்குத்தான். அந்தக் கரையில் முதியவர்கள் தாங்கள் வேலை செய்த உலை எங்கே நின்றது என்று பேரப் பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டில் இன்னொரு பேறும் உண்டு. ஒரே நகரத்தில் இரண்டு சமூகங்களின் கதவுகள் நமக்குத் திறக்கும். 1960-களிலிருந்தே கேரளத்துச் செவிலியர்கள் ஜெர்மனிக்குச் சென்று குடியேறியிருக்கிறார்கள். இப்போதும் புதிதாகப் பலர் வருகிறார்கள். டிராம் நிறுத்தத்தில் என் கைப்பேசிப் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘மோளே, நாட்டில் எவிடெயா?’ என்று மலையாளத்தில் விசாரித்த ஒரு சேச்சி, பாலக்காடு என்றதும் அந்த வாரமே வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார். மருத்துவரிடம் நேரம் குறிப்பது எப்படி, எப்போது நேரே மருத்துவமனைக்குப் போவது, எப்போது 112-ஐ அழைப்பது என்பவற்றை அவரைப் போல வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மற்றொரு கதவு ஈழத்தமிழர்களுடையது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் டோர்ட்முண்ட் உள்ள மாநிலத்தில் ஏராளமாக வாழ்கிறார்கள். கறிவேப்பிலையும் புழுங்கலரிசியும் வாங்க நான் போன தமிழ்க் கடையில், கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “பிள்ளை எந்த ஊர்? இந்தியாவோ?”

“ஆமாங்க அக்கா. கேரளா பக்கம், கொழிஞ்சாம்பாறை.”

“கேரளாவோ? பிறகெப்பிடி இப்பிடித் தமிழ் கதைக்கிறீர்?”

எங்கள் ஊரின் கதையை அவருக்குச் சொன்னேன். எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் தமிழைப் பற்றி அவரிடம் அதிகம் விளக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அடுத்த முறை போனபோது, எனக்கு வந்திருந்த ஒரு கடிதத்தை அவரிடம் காட்டினேன். வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம் அது. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும், முகவரிப் பதிவு நடந்ததும் அந்தக் கடிதம் தானாக வந்துவிடும். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு சொன்னார்: “இது எல்லாருக்கும் வாறதுதான், பயப்பிடாதையும். ஒரு வீட்டுக்கு ஒராள் கட்டினால் காணும். உம்மோட இருக்கிற ஆக்கள் கட்டினம் எண்டால், அவையின்ர நம்பரைக் கேட்டு எழுதி அனுப்பும்.” அப்படியே செய்தேன், காரியம் முடிந்தது.

அன்று கடையில் கூட்டம் இல்லாததால் அவர் தன் கதையையும் சொன்னார். எண்பதுகளின் இறுதியில் வந்தபோது அகதி விண்ணப்பம் முடிவாகும் வரை ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. பக்கத்து ஊரில் இருந்த தமையனைப் பார்க்கக்கூட முன்கூட்டியே தாள் வாங்க வேண்டியிருந்தது. முடிவு தபாலில்தான் வரும் என்பதால், முகாமில் பெயர் எழுதிய பெட்டியை ஒவ்வொரு காலையிலும் திறந்து பார்ப்பாராம். வேலை செய்யவும் அப்போது விடவில்லை, மொழி சொல்லிக் கொடுக்கவும் யாரும் வரவில்லை. கடைப் பலகைகளையும் தபால் உறைகளையும் படித்தே ஜெர்மன் கற்றதாகச் சொன்னார். விசாவும் உதவித்தொகையும் பேராசிரியரின் கடிதமும் கையில் வைத்துக்கொண்டு வந்திறங்கும் நம் பிள்ளைகள், அந்த நகரத்தில் தமிழ் அரிசி மூட்டையும் தமிழ்ப் பலகையும் யாருடைய உழைப்பால் வந்தன என்பதை அறிந்து, அந்தக் கடைகளில் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தைப்பொங்கல் அன்று அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, அந்த அக்காவின் குடும்பத்தோடு ஹம் நகரின் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குப் போனேன். கேரளத்தில் பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கல் விடுமுறை உண்டு. டோர்ட்முண்டில் அது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. நெடுஞ்சாலைக்கு அருகே, தொழிற்கூடங்களின் நடுவே, குளிர்காலத்துச் சாம்பல் வானத்தின் கீழே வண்ணக் கோபுரம் எழுந்து நின்றது. 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயில். கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் காலணியோடு கனமான குளிராடையையும் கழற்றித் தொங்கவிட்டு, பட்டுச் சேலைகளோடு கம்பளிக் காலுறை அணிந்த பெண்கள் பொங்கலைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஊரை விட்டு வந்த நாள் முதல் நெஞ்சில் இருந்த ஏக்கம் அன்று பெருமளவு குறைந்தது.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணவாய்க் காற்றிலும் பங்குனி வெயிலிலும் வளர்ந்த நமக்குக் குளிரைவிட இருட்டுதான் கடினம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகும். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடிகிறது, மாலை நாலரைக்குள் பொழுது அடைந்துவிடுகிறது. மதிய உணவு பதினொன்றரை மணி வாக்கிலேயே தொடங்கிவிடும். அதை முடித்ததும் ஆய்வகத்துக்குள் ஓடாமல் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வாருங்கள். வெப்பமூட்டி ஓடுகிறதே என்று ஜன்னலை அடைத்தே வைக்காதீர்கள். காலையிலும் மாலையிலும் சில நிமிடம் முழுதாகத் திறந்து வைக்காவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வைப்புத்தொகையில் அதற்குக் கைவைப்பார்கள். நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போக உதவும் மாதச் சீட்டு நான் போனபோது 49 யூரோவாக இருந்து 2025 ஜனவரியில் 58 யூரோ ஆனது. அதை நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் குடியிருப்பது கேரளத்தில் என்றால் உங்கள் விண்ணப்பம் பெங்களூரில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வரும். சோதனைச் சாவடிக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் மாமன் மகனுடையது சென்னைக்குப் போகும். அவர் கொடுத்த தாள்களின் பட்டியலை அப்படியே பின்பற்றாமல், உங்களுக்கு உரிய தூதரகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

திரும்பி வரும்போது முகவரிப் பதிவை நீக்கிவிட்டு வர வேண்டும். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து அதைச் செய்யலாம். காலி செய்து இரண்டு வாரங்களுக்குள் முடித்தாக வேண்டும். ஒலிபரப்புக் கட்டணம் உங்கள் பெயரில் இருந்தால் அதை நிறுத்தவும் பதிவை நீக்கியதற்கான சான்று கேட்கப்படும். வைப்புத்தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். வங்கிக்குக் கொழிஞ்சாம்பாறை முகவரியைக் கொடுத்துவிட்டு, பெட்டியில் ஒட்டிய உங்கள் பெயரை எடுத்துவிட்டு, சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.